கே. டி. பாலும் கிராமக் கடன் சங்கமும்

எரியோட்டைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மழை பொய்த்தால் உழவன் முதலில் தேடிச் செல்வது கடன் கொடுப்பவரை. மாணவ நேயர்களே, கே. டி. பால் என்பவர் தம் கிராமத் தொண்டைத் தொடங்கியதும் இந்தக் கடனிலிருந்துதான்.

1876-இல் சேலத்தில் பிறந்த அவர், 1916-இல் ஒய். எம். சி. ஏ. எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. நகரத்து இளைஞருக்கென வளர்ந்த சங்கத்தை அவர் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைக்கச் செய்தார். அத்தகைய சங்கத்தில் ஒருவர் பெற்ற கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. ஆகவே கணக்குக் கேட்கவும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும், அண்டை வீட்டாரை நம்பவும் அங்கத்தினர் பழக வேண்டியிருந்தது. குடியாட்சிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

1930-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் பிரதிநிதியாகச் சென்றார். சிறுபான்மையினர் பலர் தனித் தொகுதி கேட்ட காலம் அது. பால் அம்முறையை விரும்பவில்லை. கிறிஸ்தவருக்குக் கிறிஸ்தவரே வாக்களிப்பது என்றாகிவிட்டால், வேட்பாளர் அடுத்த தெருவின் துயரை அறிய வேண்டியதே இல்லையல்லவா? ஆயினும் கத்தோலிக்கத் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம் வேறு கருத்தினர். எண்ணிக்கையில் சிறியோர் பொதுத் தொகுதியில் வெல்ல முடியுமா என்னும் அச்சம் அற்பமானதன்று.

1931-இல் பால் காலமானார். மறு ஆண்டு வந்த வகுப்புத் தீர்ப்பு கிறிஸ்தவருக்கும் தனித் தொகுதி அளித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அத்தொகுதி இல்லை. அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையோர் துணைக்குழுவுக்குத் தலைமை வகித்த எச். சி. முகர்ஜியும் ஒரு கிறிஸ்தவரே.