குடிக்க நின்றாரா, குடிப்பதை நிறுத்தினாரா?



மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவன் நான். ஒருநாள், வீட்டில் நடந்த நல்ல காரியம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி முதல் வரியிலேயே "மை ஃபாதர் ஸ்டாப்ட் டு டிரிங்க்" என்று எழுதியிருந்தாள். அப்பா குடியை விட்டுவிட்டார் என்று சொல்ல எத்தனை ஆசையாக உட்கார்ந்திருப்பாள்! ஆனால் அந்த வாக்கியத்துக்கு, போகிற வழியில் அப்பா குடிக்க நின்றார் என்றல்லவா பொருள்?

சிவப்பு மையால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "இதையே தமிழில் சொல்லும்மா" என்றேன்.

"அப்பா குடிக்கிறதை நிறுத்திட்டாரு, சார்."

"குடிக்கவா, குடிக்கிறதையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே 'டு'வை அடித்துவிட்டு, 'டிரிங்கிங்' என்று எழுதினாள்.

பாருங்கள் நேயர்களே, விடை அவள் வாயிலேயே இருந்தது. 'குடிக்க' என்பது பள்ளியில் நாம் படித்த 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். 'குடிப்பது' தொழிற்பெயர். முன்னதற்குப் பெரும்பாலும் 'டு' வரும். அதைத்தான் இன்ஃபினிட்டிவ் என்கிறார்கள். பின்னதற்கு 'இங்'. கதவைப் பூட்ட மறந்தேன் என்றால் 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்'. பூட்டியது ஞாபகம் இருக்கிறது என்றால் 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. பழைய ஆங்கிலத்தில் இந்த 'டு' திசையைக் காட்டும் சொல்லாக இருந்தது, நம் 'கு' உருபைப் போல. இனி நடக்க வேண்டியதை நோக்கி அது கை காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் மனத்தில் நிற்கும்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. படிக்கப் பிடிக்கும் என்கிறோம். ஆனால் 'எஞ்சாய்' வந்தால் 'ரீடிங்'தான். போக முடியும் என்பது 'கேன் கோ'. நடுவில் 'டு' கூடாது. என்னைக் காக்க வைத்தார்கள் என்பதும் அப்படித்தான், 'தே மேட் மீ வெயிட்'. அதையே செயப்பாட்டு வினையாக்கினால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று 'டு' திரும்பி வந்துவிடும்! கடிதத்தின் கடைசியில் நாம் எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' இருக்கிறதே, அந்த 'டு' இன்ஃபினிட்டிவே அல்ல. 'மீட்டிங் யூ' என்றுதான் முடிக்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கில நோட்டோடு வந்தால், முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'குடிக்க'வா, 'குடிப்பதை'யா என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.