காதுக்கும் ஆங்கிலம் வேண்டும்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் பம்பாயிலிருந்து டிரங்க் கால் வந்தது. எதிர்முனையில் ஆங்கிலம். நான் பி.காம்.; லெட்ஜர் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுபவன். ஒரு வரி புரியவில்லை. "லெட்டரில் அனுப்புங்கள் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருவருடைய அவசரப் பண விஷயம் அது. பாவம், இரண்டு நாள் அலைந்தார்.

நம் குடியிருப்புப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்குகிறார்கள். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மார்க்கும் எழுத்துக்குத்தான். பாடப்புத்தகத்தில் கேட்டல் பயிற்சி இருக்கிறது. மார்க் இல்லாததை யார் செய்வார்கள்? சீனாவில் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், பெரும்பாலான மாகாணங்களில் 150க்கு 30 மார்க், ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதுவதற்கே.

நாம் வேகம்தான் சிக்கல் என்று நினைக்கிறோம். அது மட்டும் இல்லை. "கம்ஃபர்டபிள்" என்று மனதில் படித்து வைத்த சொல், அவர்கள் வாயில் "கம்ஃப்டபிள்" என்று வரும். தெரிந்த சொல்லே அந்நியமாகிவிடும். அதனால் படிப்பதையும் கேட்பதையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அடுத்து வரியைப் பார்த்துக்கொண்டே. பிறகு மறுபடி பார்க்காமல். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இலவசம், பேசுவதன் எழுத்து வடிவமும் கிடைக்கிறது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் தொடங்குவோம், அரை மணி நேரம்தான். ஸ்பீக்கர் நான் கொண்டுவருகிறேன். பெல் நிறுவனத்தில் ஓய்வுபெற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நீங்களும் வந்து வாசித்துக் காட்டுங்கள். டியூஷன் இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.