பாசி என்னும் ஒரு சொல்



2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட செஞ்சிக் கோட்டைக்கு வருவோர் இராசகிரியின் உச்சியையே நோக்கி ஏறுகின்றனர். ஏறத்தாழ 800 அடி உயரத்தை எட்டும் விரைவில், ஓரத்துச் சுவரின் பசும்படலத்தை எவரும் நின்று பார்ப்பதில்லை. கவிஞர்களும் இதற்கு விலக்கல்லர். கோட்டையைப் பாடும்போது அவர்களுக்குப் பாசி என்பது அழிவின் அடையாளம், அவ்வளவே.

பரணர் அவ்வாறு பார்த்தவரல்லர். ஊரார் நீருண்ணும் துறையில் மூடிக்கிடக்கும் பாசி, கை பட்டால் விலகுவதையும் கையை எடுத்தால் மீண்டும் பரவுவதையும் கண்டு, தலைவியின் பசலைக்கு அதனை உவமையாக்கினார் (குறுந்தொகை 399). இரண்டின் நிறமும் ஒத்திருப்பதை எவரும் காண்பர். அசைவு ஒத்திருப்பதைக் காண நீரருகே சற்று நின்றிருக்க வேண்டும்.

அது நீர்ப்பாசி. சுவர்ப்பாசி வேறு. செட்டிநாட்டுச் சமையலில் மணக்கும் கல்பாசியோ தாவரமே அன்று. பூஞ்சையும் நுண்பாசியும் கூடி வாழும் கூட்டுயிர். ‘பாசி’ என்னும் பெயர் பசுமையால் வந்தது. கல்பாசியில் அந்தப் பசுமையும் இல்லை. ஒரு சொல் மூன்றையும் மூடிவிட்டது.

சுவர்ப்பாசிக்குப் பூவில்லை. ஆதலின் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் அதற்கு இடமில்லை. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனப் பகுக்கும் தொல்காப்பிய மரபியலிலும் அது அடங்காது. அதற்கு வயிரமே இல்லை. வேரும் இல்லை, நுண்ணிய இழைகளால் கல்லைப் பற்றியிருக்கிறது. பெரும்பாலும் இலையின் கனம் ஒரே உயிரணு அளவுதான். அத்தகைய இலை நீரைச் சேமிக்க இயலாது. சித்திரை வெயிலில் சுருண்டு கருகிக் கிடக்கும். அந்நிலையில் அதனைச் செத்தது என்று எழுதிவிடுவது எளிது. வறட்சியைத் தாங்கும் இனங்களின் மேல் ஒரு கை நீர் தெளித்தால் சில நிமிடங்களில் இலை விரிந்து பச்சை திரும்பும்.

அதன் இல்வாழ்க்கையும் நீரை நம்பியதே. ஆணணு நீர்ப்படலத்தில் நீந்தியே பெண்ணணுவைச் சேர வேண்டும். கார்காலத்து வரவுக்குக் காத்திருக்கும் முல்லைத்திணை, நாயக்கர் சுவரின் ஒரு சாண் இடத்திற்குள் நடைபெறுகிறது எனலாம். கூடலின் பின் மயிரிழைக் காம்பு ஒன்று எழும். நுனியில் ஒரு சிறு கலம், அதற்கொரு மூடி. மூடி கழன்றால் வாயைச் சுற்றிப் பல்வரிசை தெரியும். பல இனங்களில் ஈரக்காற்று பட்டால் அப்பற்கள் மூடிக்கொள்ளும்; காற்று உலர்ந்தால் திறந்து, வித்துத் துகள்களைச் சிறுகச் சிறுக வெளிவிடும். 1677இல் சிவாசியிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் இக்கோட்டை வாயில்கள் வீழ்ந்தன. இந்த வாயில் காற்றறிந்து திறப்பது.

அடுத்தமுறை கோட்டைக்குச் செல்லும் உறுப்பினர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொள்ளலாம். கோடையாயின் குடிநீரோடு இன்னும் ஒரு குவளை நீர் வேண்டும். உச்சி வரை சுமக்க வேண்டியதில்லை. அடிவாரத்துச் சுவரின் நிழற்பக்கம் போதும்.