கசியும் நினைவகம்

பெங்களூர், ஐதராபாத், பூனா முதலிய நகரங்களில் வாழும் நம்மவருள் கணிப்பொறித் தொழிலை மேற்கொண்டோர் பலர். அத்தொழிலில் நன்கு அறியப்பட்ட நோய் ஒன்று உண்டு. தொடங்கிய அன்று பொறி ஒழுங்காக இயங்கும். நாள் செல்லச் செல்லத் தளரும். பின் ஒருநாள் நின்றே போகும். அணைத்து மீண்டும் இயக்கினால் பழையபடி நடக்கும். நலமாயிற்று என்று நாம் விட்டுவிடுகிறோம். நோயோ உள்ளேயே இருக்கிறது. இதனை நினைவகக் கசிவு என்பர். இயக்க முறைமையின் வலைப்பின்னற் பகுதியில் இது தோன்றும் வகையையும், இதனைக் கண்டறியும் வழியையும் இன்று காண்போம்.

நெடுந்தொலைவு இரயிலில் சென்று பழகிய நமக்கு, நிலையத்துப் பொருள் வைப்பறை புதிதன்று. பெட்டியைக் கொடுத்தால் சீட்டுத் தருவர், சீட்டைக் காட்டினால் பெட்டி திரும்பும், இடமும் ஒழியும். சீட்டுத் தொலைந்துவிட்டால் பெட்டியைக் கேட்பாரில்லை. ஆயினும் இடம் அடைபட்டே கிடக்கும். நினைவகமும் அத்தகைய வைப்பறையே. நிரல் இடம் கேட்கிறது. அவ்விடத்தின் முகவரியைச் சீட்டாகப் பெறுகிறது. வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பித் தரவேண்டும். தராமலே முகவரியைத் தொலைத்துவிட்டால், அதுவே கசிவு.

வலைப்பின்னலில் செய்திகள் சிறு பொட்டலங்களாக வருகின்றன. லினக்ஸ் முறைமை ஒவ்வொரு பொட்டலத்திற்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. வலை அட்டையின் இயக்கி அதனைப் பெற்று, முகவரி பார்க்கும் பகுதிக்குத் தருகிறது. காவல் விதிகளைப் பார்க்கும் பகுதி அதனை ஆராய்கிறது. முடிவில் உரிய நிரலின் வரிசையில் அது சேர்கிறது. இத்தனை கை மாறும் பொருளை இறுதியில் விடுவிப்பவர் யார்? நேர்வழியில் செல்லும் பொட்டலத்திற்கு இவ்வினாவின் விடை தெளிவு. ஏனெனில் அவ்வழி இடையறாது பயன்பட்டுச் சோதிக்கப்படுகிறது. தலைப்பகுதி சிதைந்த பொட்டலம், நடுவே மூடப்பட்ட இணைப்பு முதலிய அரிய நிலைகளிலேதான் மறதி நேர்கிறது. பிழை என்று அறிவித்துத் திரும்பும் வரி, விடுவிக்கும் வரியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

சிறு மறதிதானே எனலாகாது. நொடிக்கு ஒரு முறை 2,048 பைட் கசிவதாகக் கொள்வோம். 128 மெகாபைட் இடம் 65,536 நொடிகளில், அதாவது 18 மணி 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பகைவன் ஒருவன் சிதைந்த பொட்டலங்களை நொடிக்கு ஆயிரமாக வேண்டுமென்றே அனுப்பினால், ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் போதும்.

இடம் தீர்ந்த பின் நடப்பது இன்னும் கொடுமை. லினக்ஸ் முறைமை, பெரும்பாலும் மிகுதியான இடத்தைப் பிடித்துள்ள நிரலைத் தேர்ந்து நிறுத்துகிறது. முறைமையின் உள்ளே கசிந்த இடமோ பொதுவாக எந்த நிரலின் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே குற்றமற்ற தரவுத்தளம் பலியாகலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! மருத்துவமனைப் பதிவேடும் வங்கிக் கணக்கும் அதில் இருப்பின், விளைவு சிறியதாகுமா?

கண்டறியும் வழி யாது? முதற்படி, இனவாரியாக எண்ணுதல். எவ்வினப் பொருள் எத்தனை உள்ளது என்று முறைமையே பட்டியல் தரும். போக்குவரவு பெருகும்போது எண்ணிக்கை ஏறுவது இயல்பு. போக்குவரவு ஓய்ந்த பின்னும் இறங்காமல், ஒவ்வோர் அலையிலும் மேலே ஏறினால் அது கசிவென ஐயுறலாம்.

அடுத்த படிக்கு, கேட்டலின் மரினாஸ் என்பார் ஆக்கிய 'கேமெம்லீக்' என்னும் கருவி உண்டு. 2009ஆம் ஆண்டு லினக்ஸில் அது சேர்ந்தது. இயல்பாகப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை அது நினைவகத்தைத் துழாவும். எந்தப் பெட்டிக்கு எவர் பையிலும் சீட்டு இல்லையோ, அதனையும் அதனைக் கொண்டுவந்தவரையும் குறித்துவைக்கும். பெட்டியை அகற்றாது, அறிவிப்பதே அதன் பணி. சீட்டைப் போலத் தோன்றும் ஏதோ ஓர் எண் கிடைத்தால் ஏமாறவும் செய்யும்.

சீட்டு இருந்தும் திரும்பாத பொருள்களும் உண்டு. ஒரு வலைக்கருவியைப் பல பகுதிகள் பற்றியிருக்கும். எத்தனை பற்றுகள் என எண்ணிக்கை மட்டும் நிற்கும். அது சுழியாகும் வரை கருவியை அகற்ற இயலாது. ஒன்று எஞ்சி நின்றால், அந்த ஒருவர் யார்? எண் அதனைச் சொல்லாது. எரிக் டுமாசே என்பார் அமைத்த பற்றுப் பதிவேடு 2022இல் வெளியான 5.17 பதிப்பில் வந்தது. யார், எவ்விடத்தில் பற்றினார் என அது பெயரோடு எழுதிவைக்கிறது. எண்ணிக்கை கணக்கன்று; பெயரும் சேர்ந்தால்தான் கணக்கு.

எனினும், கருவிகள் யாவும் இடம் பெறப்பட்ட வரியையே காட்டும். திருப்பித் தந்திருக்க வேண்டிய வரியைக் காட்டமாட்டா. ஏனெனில் அவ்வரி எழுதப்படவே இல்லை. உள்ள பிழையைத் திருத்துவது எளிது. இல்லாத வரியைத் தேடுவது அரிது. அதற்கு, ஒவ்வொரு பிழைவழியிலும் பொறுமையோடு நடந்து, இப்பொருள் இப்போது யாருடையது என்று வினவுதல் வேண்டும். அணைத்து இயக்குவது ஒரு நாளை மீட்கும். அவ்வினாவே நோயைத் தீர்க்கும்.