கம்ப்ரஸர் உட்காரும் இடம்



ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ஓரத்தில், பேர்ட்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் போனால் ‘பிக் ரெட்’ என்ற செம்மணல் மேடு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். சிம்ப்சன் பாலைவனத்தின் கிழக்கு வாசல் அது. அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள். பேர்ட்ஸ்வில்லிலிருந்து மறுகோடியிலுள்ள மவுண்ட் டேர் வரை 500 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. 1962இல் ரெஜ் ஸ்பிரிக் என்ற நிலவியலாளர் தன் குடும்பத்தோடு நிசான் பேட்ரோல் வண்டியில் இந்தப் பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் வண்டி ஒன்று இதைக் கடந்தது அதுவே முதல் முறை. இன்று குளிர்காலம் வந்தால் வண்டிகள் வரிசை கட்டுகின்றன.

மேட்டின் அடிவாரத்தில் எல்லா வண்டியும் ஒருமுறை நிற்கும். ஓட்டுநர்கள் இறங்கி டயரில் காற்றைக் குறைப்பார்கள். 36 பி.எஸ்.ஐ. இருந்தது 18க்கு வந்துவிடும். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் தரையோடு படிந்து, மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் போகும். இறக்குவது எளிது, திரும்ப ஏற்றுவதுதான் பாடு. தளர்ந்த டயரோடு கெட்டியான சாலையில் வேகம் பிடித்தால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். பங்க்சர் கடை இல்லாத பூமியில் காற்றுப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்? அதனால்தான் கம்ப்ரஸரையே வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திக்கொள்கிறார்கள்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி என்ஜினின் சக்தியை அந்த வெறுஞ்சக்கரத்துக்கே அனுப்பி வீணடிக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மெல்பர்னில் 1975இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் இதற்கு மாற்றாக விற்கும் ‘ஏர் லாக்கர்’, அழுத்தப்பட்ட காற்றால் இடது, வலது சக்கரங்களின் அச்சுத்தண்டுகளை ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். காற்று நின்றால் பூட்டும் விடுபடும். செங்குத்தான பாறைச் சரிவில் பாதி வழியில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் கருவிக்கு வண்டியில் எங்கே இடம் தருவது? பெரும்பாலோர் செய்வது இதுதான்: பானெட்டைத் திறக்கிறார்கள், காலியாக ஓர் இடுக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள், அங்கே திருகிவிடுகிறார்கள். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்பதால் வரும் தொல்லை இது. கம்ப்ரஸர் மூச்சு விடும் கருவி. அது உள்ளிழுக்கும் காற்று சூடா, ஈரமா, புழுதியா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சூட்டை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி கையைச் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். 30 டிகிரி காற்றை 100 பி.எஸ்.ஐ. வரை ஒரே மூச்சில் நெருக்கி, வெப்பம் எங்கும் போகாமல் அடைத்து வைத்தால், கணக்குப்படி அது 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நடைமுறையில் சிலிண்டரின் உலோகத் தகடுகள் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. அப்படி விட வேண்டுமானால் சுற்றியிருக்கும் காற்று குளிர்ந்திருக்க வேண்டுமே! அமெரிக்காவின் வையேர் நிறுவனம் தன் பல மாடல்களுக்குச் சுற்றுப்புற வெப்பம் 70 டிகிரியை மிஞ்சக் கூடாது என்று வரையறை வைத்திருக்கிறது. ஓடி நின்ற டீசல் என்ஜினின் பானெட்டுக்கடியில், காற்றோட்டம் இல்லாத மூலையில், அந்த எல்லை ஒன்றும் எட்டாத உயரமில்லை. எல்லை மீறினால் மோட்டாருக்குள் இருக்கும் வெப்பத் தடுப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சூடான காற்றுக்கு இன்னொரு குறை, அது லேசானது. 30 டிகிரிக்குப் பதில் 70 டிகிரிக் காற்றை இழுத்தால், ஒவ்வொரு இழுப்பிலும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு காற்று குறைவாகவே உள்ளே போகும். மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், டயர் மெதுவாக நிறையும், கருவி அதிக நேரம் ஓடும், அதனாலேயே மேலும் சூடாகும்.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 லிட்டர் கொள்ளும் டயரில் 18 பி.எஸ்.ஐ. ஏற்ற ஏறத்தாழ 87 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நான்கு டயருக்கு 350 லிட்டர். டயர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 45 லிட்டர் தரும் ஒற்றை மோட்டார் கம்ப்ரஸர் எட்டு நிமிடம் ஓட வேண்டும். 130 லிட்டர் தரும் இரட்டை மோட்டாருக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. பெட்டியின்மேல் ‘50 சதவீத வேலைச் சுழற்சி’ என்று போட்டிருந்தால், ஓடிய நேரம் அளவுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும் என்று பொருள். தயாரிப்பாளர்கள் அதை அளப்பது பெரும்பாலும் 22 டிகிரி சூழலில். பாலைவனப் பகலில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

ஆக, பானெட்டுக்கடியில் வைக்கவே கூடாதா? வைக்கலாம். நிறையப் பேருக்கு அதுவே சிறந்த இடமும்கூட. எந்த மூலை என்பதில்தான் விஷயம். டொயோட்டா லேண்ட்குரூசர் 70 வரிசை 1984இல் வந்தது. ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் இன்றும் அதற்குத்தான் மவுசு. பழைய ஆறு சிலிண்டர் வண்டிகளில் சிலிண்டர்கள் நேர்வரிசையில் நிற்கும். புகை வெளியேறும் பக்கம் கொதிக்கும், எதிர்ப்பக்கம் ஓரளவு ஆறியிருக்கும். குளிர்ந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. 2007க்குப் பிறகு இந்த வரிசையில் வந்த வி-8 டீசலில் அந்தச் சலுகை இல்லை. இரு பக்கமும் புகைக்குழாய். அங்கே மட்கார்டின் உட்சுவரை ஒட்டி, முன்பக்கமாக, கூடிய மட்டும் மேலே இடம் தேட வேண்டும். டர்போவுக்கு அருகே மட்டும் கூடவே கூடாது.

முன்பக்க மூலையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு குடித்தனக்காரர் இருப்பார்: இரண்டாவது பேட்டரி. ஃபிரிட்ஜ், விளக்கு, ரேடியோவுக்கெல்லாம் மின்சாரம் தருவது அதுதான். கம்ப்ரஸரும் பேட்டரியும் ஒரே மூலைக்கு அடிபோடும்போது, பேட்டரியைப் பின்னால் அனுப்புவதா, கம்ப்ரஸரை அனுப்புவதா என்ற கேள்வி வரும். அதற்கு விடை கம்பியில் இருக்கிறது.

இரட்டை மோட்டார் கம்ப்ரஸர் முழுச் சுமையில் 60 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைப் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியின் பின்பக்கம் வைத்தால், மின்சாரம் போக 5, வர 5, ஆக 10 மீட்டர் செம்பு. கம்பி 6 சதுர மில்லிமீட்டர் தடிமன் என்றால் வழியிலேயே ஏறத்தாழ ஒன்றே முக்கால் வோல்ட் செத்துப்போகும். 12 வோல்ட் வண்டியில் அது பெரிய இழப்பு. மோட்டார் திணறும், கம்பி சுடும். 16 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும். அதே தடிமன் கம்பியோடு பேட்டரிக்கு ஒரு மீட்டர் பக்கத்திலேயே வைத்தால் இழப்பு பத்தில் ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எந்தத் தடிமனானாலும் ஃபியூஸ் பேட்டரி முனையில் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் முனையில் மட்டும் போட்டால், நடுவழியில் கம்பி உரசித் தகட்டைத் தொடும்போது அந்த ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. தீ முந்திக்கொள்ளும்.

காற்றுக்குழாயை நீளமாக ஓட்டுவதில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஆகவே பேட்டரி முன்னால் இருந்தால் கம்ப்ரஸரும் முன்னால் இருக்கட்டும். குழாய் மட்டும் பின்னால் போகட்டும். இப்போது பிக்கப் வண்டிகளின் பின்கூண்டில் லித்தியம் பேட்டரியை வைக்கும் பழக்கம் பரவிவிட்டது. அந்த வண்டிகளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். பேட்டரி பின்னால், பின் லாக்கரும் பக்கத்தில், என்ஜின் சூடு இல்லை. கூண்டில் புழுதி புகாமல் கதவு ரப்பர் நன்றாக இருந்தால் கம்ப்ரஸருக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் கூண்டைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் அங்கேயும் சூடு தேங்கும். கதவைத் திறந்து வைத்துத்தான் காற்றுப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் தீபகற்பத்தில் பழைய தந்திப் பாதை போகிறது. அதில் வரும் நோலன்ஸ் புரூக் ஓடை வண்டிகளை மூழ்கடிப்பதில் பேர் வாங்கியது. அந்த மாதிரி ஓடையில் இறங்கும் வண்டிக்குக் கம்ப்ரஸர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். பலரும் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று மட்டும் நினைக்கிறார்கள். சூடான மோட்டார் திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். தெறிப்பைத் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது முழுக்குக்குப் பொருந்தாது. இதற்குப் பாதி மருந்து, காற்று வடிகட்டியைக் கம்ப்ரஸரிலிருந்து கழற்றி ஒரு சிறு குழாய் மூலம் என்ஜின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தடுப்பின் உச்சியிலோ, என்ஜினின் சொந்தக் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள்ளோ கொண்டுபோய் வைப்பது. கருவி ஓரிடத்தில் இருக்க, மூச்சை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளும். செலவு குறைவு, பலன் அதிகம். ஏனோ இதைச் செய்பவர்கள் குறைவு.

இதே காரணத்தால், வண்டிக்கடியில் சட்டத்தோடு சேர்த்துத் திருகுவதை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது. குளிர்ச்சியான இடம்தான். ஆனால் கல்லடி, சேறு, உப்பு, ஓடை நீர் எல்லாம் முதலில் வந்து விழுவதும் அங்கேதான்.

இருக்கைக்கடியில் வைக்கலாமா? 2007 முதல் 2018 வரை வந்த ஜீப் ராங்ளரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். உலர்ந்த இடம், சூடு குறைவு. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். லாக்கர் போட்ட நிலையில் பக்கத்தில் நடந்து வழிகாட்டுபவரின் குரல் கேட்க வேண்டிய நேரத்தில்தான் அது உறுமும். புதிய வண்டிகளில் இருக்கைக்கடியில் ஏர்பேக் கம்பிகளும் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார்களும் ஓடுகின்றன. மஞ்சள் உறை போட்ட கம்பி கண்ணில் பட்டால் துளை போடும் கருவியைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

பழைய ஜீப்களில் வேறொரு வழியும் இருந்தது. ஒரு காலத்துக் கார் ஏசிகளில் வந்த யார்க் கம்ப்ரஸரை எடுத்து, பெல்ட் போட்டு, என்ஜினாலேயே சுற்றவைத்தார்கள். அதற்கென்று சொந்த எண்ணெய்த் தொட்டி உண்டு, காற்றடிக்கத் தோதானது. இடம் தேடும் கவலையே இல்லை, பெல்ட் எங்கே வருகிறதோ அதுதான் இடம்.

இடம் முடிவானபின் தாங்கி. மண்சாலையில் குறுக்கே விழுந்திருக்கும் வரிவரியான மேடுகள் மணிக்கணக்கில் வண்டியை உதறும். மட்கார்டின் மெல்லிய தகட்டில் ஒரே பக்கம் பிடித்துத் தொங்கும் தாங்கி, நாள்பட விரிசல் விடும். இரண்டு இடத்திலாவது பிடிக்க வேண்டும். இரண்டும் வண்டி உடலிலேயே இருக்க வேண்டும். ஒரு போல்ட் என்ஜினிலும் மற்றது உடலிலும் என்றால், என்ஜின் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் தாங்கியை முறுக்கும். கம்ப்ரஸரிலிருந்து புறப்படும் முதல் ஒரு முழக் குழாய் எஃகு வலை போட்டதாக இருக்கட்டும். அங்கே வரும் காற்றின் சூட்டைச் சாதாரண ரப்பர் தாங்காது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு லாக்கரைப் போட வேண்டும். கம்ப்ரஸர் ஓடி, அழுத்தம் நிரம்பி, தானாக நின்றுவிடும். கால் மணி நேரத்துக்குள் யாரும் தொடாமல் அது மறுபடி ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். முதலில் பார்க்க வேண்டியது லாக்கருக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கு அருகேயுள்ள மரைகளை. பிறகு பின் அச்சுக்குப் போகும் மெல்லிய குழாயை, சைலன்சருக்குப் பக்கத்தில் வளைந்து போகும் அந்த ஒரு சாண் தூரத்தில்.