சராசரிக்குள் மறையும் தறிகள்

(வாலாஜாபாத் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐரோப்பிய நாடுகள் 1975-ல் வட்டார வளர்ச்சி நிதி ஒன்றைத் தொடங்கின. இன்று, தலைக்கு உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்கும் கீழே உள்ள வட்டாரங்களுக்குத்தான் அங்கே முன்னுரிமை.

நம்ம நாட்டிலும் 2006-07-ல் பின்தங்கிய வட்டார மானிய நிதி வந்தது, 250 மாவட்டங்களுக்கு. அதில் திருவண்ணாமலை இருந்தது, காஞ்சிபுரம் இல்லை. ஆரணியில் நெய்வதும் பட்டு, காஞ்சியில் நெய்வதும் பட்டு. ஆனா கணக்கு மாவட்டத்துக்குத்தானே, தறிக்கு இல்லையே!

ஒரகடம் கார் தொழிற்சாலையையும் அய்யம்பேட்டைத் தறியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், காஞ்சிபுரம் வசதியான மாவட்டம்தான். சராசரி ஏறும், நெசவாளர் கூலி ஏறுமா?

2015-ல் அந்த நிதிக்கு மத்திய அரசின் ஆதரவு நின்றது. 2023-ல் வந்த புதிய திட்டம் 500 ஊராட்சி ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்தது. மாவட்டத்திலிருந்து ஒரு படி இறங்கியிருக்காங்க, நல்லதுதான். இன்னும் ஒரு படி இறங்கணும், கிராமம் வரைக்கும்.

அதுக்கு நாம செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. அவரவர் ஊரில் ஓடும் தறி எத்தனை, நின்ற தறி எத்தனை என்று எண்ணுவோம். கிராம சபையில் பதிய வைப்போம். எண்ணாத தறிக்கு எந்த நிதியும் வராது.