சட்டசபை ஒருமுறை செய்த காரியம்



1928-ஆம் ஆண்டில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், புரோகிதரும் மந்திரமும் ஓமகுண்டமும் இன்றி, பெரியார் தலைமையில் ஒரு சுயமரியாதை விவாகம் நடந்தேறியது. அதன்பின் எத்தனையோ பேர் அவ்வண்ணமே மாலை மாற்றிக்கொண்டு, ஊரறிய இல்லறம் நடத்தி, மக்களைப் பெற்று வளர்த்தார்கள். ஆயினும், உரிய சடங்கின்றி நடந்த அத்தகைய மணம் சட்டப்படி செல்லாதென்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது, அக்குடும்பங்கள் எத்தகைய கலக்கத்துக்கு ஆளாகியிருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை மனைவியென்று ஊரார் மதித்த ஒருத்தி, கணவன் கண்மூடிய மறுநாள், பங்காளிகள் தொடுத்த வழக்கில் அயலாளாகிவிடக்கூடும். அவள் வயிற்றில் பிறந்த சந்ததியின் பாத்தியதையோ கேள்விக்குரியதாகிவிடும்.

நீதிமன்றம் அடைத்த கதவைத் திறந்தது சட்டசபை. அண்ணா முதலமைச்சராயிருந்த 1967-இல், இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, குடியரசுத் தலைவரின் இசைவோடு 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில், தமக்குப் புரிந்த மொழியில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும் என்றது அது. இனி நடப்பவற்றுக்கு மட்டுமன்றி, முன்னரே அவ்விதம் நடந்தேறிய மணங்களுக்கும் உயிர் தந்ததுதான் அச்சட்டத்தின் பெருந்தன்மை. நாட்டில் சுயமரியாதைக்காரர் எத்தனை பேர், பெரும்பான்மையோரின் அபிப்பிராயம் யாது என்று தலைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை அன்றைய சபை.

பழங்கதை பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள்; இன்று தன்பாலினத்தாரின் மணமும் அதே கதவின் முன்தான் நிற்கிறது. தன்பாலினத்தாரிடையே மனமொத்த உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தூத்துக்குடிக் கோயிலொன்றில் மணந்துகொண்ட திருநங்கையின் விவாகத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, திருநங்கையும் சட்டத்தின் கண்ணில் மணமகளே என்று 2019-இல் நமது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உரைத்தது. இவ்வளவு தூரம் வந்தபின், 2023 அக்டோபரில், விவாகம் அடிப்படை உரிமையன்று, தன்பாலினத்தார் மணத்துக்கு வழி செய்ய வேண்டியது சட்டமியற்றும் அவைகளே என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு ஒதுங்கிக்கொண்டது. குடும்பம் அமைக்க விவாகம் ஒன்றே வழியன்று என்று 2025-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆறுதல் சொன்னது. ஆனால் ஆறுதலைக் காட்டி வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியாதே!

இருபது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த இரு பெண்களில் ஒருத்தி நோயுற்றால், அறுவைச் சிகிச்சைக்கு முன் கையொப்பமிட மருத்துவமனை தேடுவது, என்றோ அவளை வீட்டைவிட்டு விரட்டிய அண்ணனை. அவள் இறந்தால், குடும்ப ஓய்வூதியம் மற்றவளுக்கு இல்லை. உயில் இல்லையேல் வீடும் அந்த அண்ணனுக்கே போய்ச் சேரலாம். 1953-இல் சுயமரியாதைக் குடும்பங்கள் அஞ்சிய அதே அநியாயம் வேறு வாசல் வழியே வந்து நிற்கிறது.

நம் பண்பாடு இதை ஏற்காது என்பாரும் உளர். அக்கினி சாட்சியில்லாத விவாகத்தையும் பண்பாடு ஏற்காதென்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அத்தகைய மணங்களுக்கு வரிசை வைத்துவிட்டு, பந்தியில் பாயசம் சரியில்லை என்று மட்டுமே குறைபடுகிறார்கள்.

விவாகமும் விவாகரத்தும் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் அடங்குவன. ஆகையால் மத்திய சட்டத்தில் திருத்தம் செய்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கோரும் அதிகாரம் மாநிலச் சட்டசபைக்கு உண்டு. ஒப்புதல் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயம், மசோதா கொண்டுவராமல் இருப்பதற்குக் காரணமாகாது. சுயமரியாதை மணத்தின் பாரம்பரியத்தைத் தேர்தல் மேடைதோறும் உரிமை கொண்டாடும் கட்சிகள் யாவும், அதே 7-ஏ பிரிவில் மணம்புரிவோர் எந்தப் பாலினத்தவராயினும் அடங்குமாறு ஒரு திருத்த மசோதாவை நம் மாநிலச் சட்டசபையிலேயே கொண்டுவருமா என்று, வாக்குக் கேட்டு வருவோரிடம் நீங்களும் நானும் கேட்டாக வேண்டும்.